பள்ளியில் சொன்ன சேதி

முத்தலிப் மாஸ்டர் நல்ல மனிதர். அதில் ஊருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அவருக்கோ கொஞ்சமும் இருந்ததில்லை.

எண்பத்தோராம் ஆண்டு, ஊனமுற்றோர் ஆண்டு என்று வானொலி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த காலம். இளம்பிள்ளை வாதத்தில் கால் போன பிள்ளைகளைப் பற்றி ஆராய்வதற்குக் கொழும்பிலிருந்து ஒரு டாக்டர் அம்மா கல்முனைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. பள்ளிக்கூடம் விட்ட கையோடு அவருக்காகக் கதைக்கப் போனவர் முத்தலிப் மாஸ்டர்தான். வீடு வீடாகப் போய் உம்மாமாரிடம் விசாரித்து, பிள்ளைகளின் காலை நாடாவால் அளந்தார்கள்.

றஹீமா வீட்டுக்கும் போனார்கள். புருஷன் சவூதியில். நாலு வயது மகள் சுஹறா பாயில் படுத்திருந்தாள். வலக்கால் ஈர்க்குப் போல மெலிந்திருந்தது. பிள்ளைக்கு நோகக் கூடாதென்று, இலவம் பஞ்சு அடைத்துத் தானே தைத்த சின்னத் தலையணையொன்றை றஹீமா முழங்காலுக்கு அடியில் வைத்திருந்தாள். உறையில் சிவப்பு நூலால் பூவும் போட்டிருந்தாள். மாஸ்டருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"நல்லா வச்சிரிக்கிங்க. பெத்த தாய்க்குத்தான் இது தெரியும்," என்றார்.

டாக்டர் அம்மா எழுதிக்கொண்டாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. ஆராய்ச்சி முடியுமுன் வாய் திறக்காத ரகம் அவர்.

முடிவு வந்தது. இந்தப் பிள்ளைகளின் காலைக் கெடுப்பது வாதம் மட்டுமல்ல, முழங்காலுக்கு அடியில் வைக்கும் தலையணையும்தான். கால் மடிந்தபடியே கிடந்து மூட்டு இறுகிவிடும். பிறகு காலுக்குச் சப்பாத்தோடு பூட்டிய தாங்கு கம்பி போட்டும் நிற்க ஏலாது. தலையணையை எடுத்துவிட்டுக் குப்புறப் படுக்கவிட்டு, தினமும் காலை மெல்ல நீட்டிப் பழக்கினால் போதும். "இந்த அறிக்கை என் அலுமாரியில் கிடந்து என்ன பயன்? குடும்பங்களுக்கு விளங்கும்படி சொல்லுவது உங்கள் பொறுப்பு," என்று டாக்டர் அம்மா மாஸ்டரிடம் ஒப்படைத்துப் போனார்.

மாஸ்டர் இராப்பகலாக இருந்து தமிழில் எழுதினார். எங்கே சொல்வது? இதுவும் ஒரு கேள்வியா? வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் ஊரே திரளும். பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்கார்மாரிடம் அனுமதி வாங்கி, தொழுகை முடிந்ததும் எழுந்து நின்று அரை மணி நேரம் கதைத்தார். ஒருவரும் அசையவில்லை. வெளியே வந்ததும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஊருக்கே சொல்லிவிட்டோம் என்று அன்றைக்கு அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு போக நெல் வேளாண்மை வெட்டி முடிந்து, அடுத்த போகமும் விதைத்தாயிற்று. ஒரு நாள் மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே மனைவி ஹாஜறா கதையோடு கதையாகச் சொன்னாள். "றஹீமாட புள்ளக்கி இப்ப கால நீட்டவே ஏலாம போயிட்டு. பாவம், அவளும் என்னதான் செய்யிற. ராவு பகலா தலகணி வச்சித்தான் பாக்கிறா."

மாஸ்டர் எடுத்த கவளத்தைத் திரும்ப வைத்தார். "தலகணி வைக்கப்படாதெண்டு நான் பள்ளியில சொன்னனே."

"பள்ளியிலயா? ஜும்ஆக்கு நாங்களா வந்த?"

"ஆம்பிளயள் வீட்ட வந்து சொல்லியிருப்பாங்கதானே."

"நீங்க எனக்கிட்ட சொன்னயா?"

அவர் சொல்லவில்லை. பிள்ளை வளர்ப்பது பெண்கள். பிள்ளையைப் பற்றிய சேதியைக் கேட்டது ஆண்கள். வந்தவர்கள் கேட்டார்கள், தலையாட்டினார்கள், சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். றஹீமா வீட்டில் போய்த் தலையாட்டவும் ஓர் ஆண் இல்லை. படித்த மடையன் என்று மாஸ்டர் தன்னையே திட்டிக்கொண்டார். திட்டியும் மனம் ஆறவில்லை.

"அளக்கப் போன நேரம் அவள்ற வாசலுக்குப் போகத் தெரிஞ்சிச்சே," என்றாள் ஹாஜறா. முக்காட்டைப் போட்டுக்கொண்டு றஹீமா வீட்டுக்கு அவரோடு கிளம்பினாள்.

வழி நெடுக மாஸ்டர் பொய்களைத் தேடினார். நோய் முற்றிவிட்டது எனலாம். அல்லாஹ்வின் நாட்டம் எனலாம். றஹீமா நம்புவாள், அழுவாள், அவரைத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்வாள். ஆனால் தலையணை அந்தக் காலுக்கு அடியிலேயே இருக்கும்.

அவர் பொய் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். றஹீமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் வச்ச தலகணியாலயா?"

"ஓம்."

"நீங்கதானே மாஸ்டர் நல்லமெண்டு சொன்ன."

"ஓம். நான்தான் சொன்ன."

"ராத்தா, இவர் சொன்னத்துக்குப் பொறகுதான் நான் ராவையிலயும் வைக்கத் தொடங்கின," என்று ஹாஜறாவிடம் சொன்னாள் றஹீமா. சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. உள்ளே போய் மகளின் காலுக்கு அடியிலிருந்து தலையணையை உருவினாள். மடிந்த கால் மடிந்தபடியே அந்தரத்தில் நின்றது. சுஹறா வீறிட்டு அழுதாள்.

"தலகணியத் தாங்க உம்மா, நோகுது உம்மா."

றஹீமா மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஏலா. நீங்களே சொல்லுங்க மாஸ்டர், அவளுக்கு விளங்குறாப்போல."

மாஸ்டர் பாயில் உட்கார்ந்தார். எழுதிப் படித்த தமிழ் ஒன்றும் அங்கே உதவவில்லை. தட்டுத் தடுமாறிச் சொன்னார். தலகணி காலை மடக்கிப் போட்டுவிட்டது, மகள்; கொழும்புக்குப் போய் டாக்டரிடம் காட்டி நிமிர்த்த வேண்டும்; நோகும், கன நாள் நோகும்; ஓட ஏலாது, ஆனால் பிடித்துக்கொண்டு நடக்கலாம். பிள்ளை விம்மல் அடங்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கியது.

"அப்ப இத உம்மாக்கு ஏன் நீங்க சொல்லல்ல?"