வெள்ளிக்கிழமைச் சம்பலில் மாசி

1
இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. சந்தையை நடத்துகிறவனே அதில் கடையும் போட்டால் மற்றக் கடைக்காரர் என்ன செய்வது என்று கட்டுரை எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் பந்தியில் நாகேஸ்வரி அகப்பையோடு உள்ளே வந்துவிட்டாள். கட்டுரை போயிற்று.

2
2007, கொழும்பு வெள்ளவத்தை. ("கடல் அன்று..." வேண்டாம், கடலுக்கு இதில் வேலையில்லை.) யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாகேஸ்வரி வாடகை அறையில் சமைத்துச் சாப்பாட்டுப் பார்சல் விற்கிறாள். வெளிநாட்டுப் பிள்ளைகள் பல சமையல்காரரின் பேர்களைப் போட்டிருக்கும் கொட்டாஞ்சேனைப் பேர்னாட்டின் இணையத்தளத்தில் காசு கட்டினால், இங்கே தனித்திருக்கும் பெற்றோருக்குச் சாப்பாடு போகும். பொலிஸ் வந்து "கொழும்பில் என்ன வேலை?" என்று கேட்டால், அவளிடம் இருந்த ஒரே பதில் அந்தச் சமையல். பதில் இல்லாத தமிழரை ஊருக்குத் திருப்பி அனுப்பிய போர்க்காலம் அது.

3
பேர்னாட் தானும் ஒரு சமையலறை திறந்தான். தளத்தில் அது உச்சியில் ஏறியது. நாகேஸ்வரி கடைசிப் பக்கத்துக்குப் போனாள். ஓடர் நின்றது, அவளுக்கு நித்திரையும் போயிற்று.

(பேர்னாட்டுக்கு வில்லன் மீசை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. இதைத் தடுக்கச் சட்டம் உண்டா என்று ஒரு சட்டத்தரணியைக் கேட்டேன். அவர் தேத்தண்ணி தந்தார்.)

4
பேர்னாட் கத்தோலிக்கன். வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது, மீன் ஆகும். அவன் சமையலறை வழக்கம்போல மாசிக் கருவாட்டை இடித்துச் சம்பலில் போட்டது. வெள்ளியில் மீனும் தொடாத வெள்ளவத்தைச் சைவர்கள் முதல் வாயிலேயே பிடித்துவிட்டார்கள்.

"டேய் தம்பி, சம்பலில மாசி! வெள்ளிக்கிழமையெல்லோ!" என்று நாகேஸ்வரியின் சமையலுக்குப் பழகிய சிவபாதசுந்தரம் கனடா மகனைத் தொலைபேசியில் வாங்கு வாங்கென்று வாங்கினார். "அந்த நாகேஸ்வரிப் பிள்ளையை எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள்? தேடிப் பார்!"

காசு கட்டிய மகன் சாப்பிட்டதில்லை. சாப்பிட்ட தகப்பன் தளத்தைப் பார்த்ததில்லை. அன்றுதான் இருவரும் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தார்கள். மற்ற வீடுகளிலும் அதே கதைதான்.

5
வெளிநாட்டிலிருந்து முறைப்பாடுகள் குவிய, பேர்னாட் மோட்டார் சைக்கிளில் நாகேஸ்வரியின் வாசலுக்கு வந்து நின்றான்.

"அக்கா, உங்கட பேரை முதலாவதாப் போட்டுவிடுறன்."

"முதலாவது வேண்டாம் தம்பி. ஒளிக்காமல் விட்டால் போதும்."

அப்பாடா என்று எனக்கே இருந்தது. கடைசியில் நீதி... இல்லை, வந்தது ஓடர்தான். பேர்னாட் இனி மாசி போடாமல் விட்டால் அவள் கதி என்ன என்று ஒரு பந்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் இன்றைக்காவது நிம்மதியாக இருக்கட்டும்.

6
மத்தியானம். அடுப்பில் மூன்று சட்டி கொதிக்கிறது. பொலிஸ்காரர் கதவைத் தட்டுகிறார். நாகேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு, பயமில்லாமல், தானே போய்த் திறக்கிறாள். அவர் கேட்பதற்கு அவளிடம் பதில் இருக்கிறது. அதற்கு அவர் என்ன சொன்னார் என்பதை நீங்கள்தான் எழுதவேண்டும். கொஞ்சம் இரக்கத்தோடு எழுதுங்கள், அவள் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள்.