ஆளுக்குப் பாதி

வலிப்பு மாத்திரை வரத்து நின்று ஒரு மாதமாகியிருந்தது. மொத்த வியாபாரிக்குப் போன் போட்டால், "வந்தா சொல்றேங்க" என்று அதே பாட்டைப் பாடினான். மருந்துக்கடைக்காரியின் அலமாரியில் மிஞ்சியது ஒரே ஒரு பெட்டி. அதை நம்பி இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் வெல்டர். இன்னொருவர் தையற்காரர், கல்லூரிக்குப் போகும் மகளுக்காக வந்திருந்தார்.

"முதல்ல வந்தது நான்தாம்மா," என்றார் தையற்காரர்.

"அக்கா, மாத்திரை இல்லேன்னா நான் வேலைக்குப் போக முடியாது," என்றான் வெல்டர்.

யார் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்ள அவளுக்கு மனமில்லை. டாக்டருக்குப் போன் போட்டாள். மாற்று மருந்தும் எங்கேயும் இல்லையாம். "பாத்து அட்ஜஸ்ட் பண்ணும்மா," என்று வைத்துவிட்டார்.

பெட்டியைப் பிரித்து ஆளுக்குப் பாதி கொடுத்தாள். "சரக்கு வர்ற வரைக்கும் காலையில வேண்டாம், ராத்திரி மட்டும் போடுங்க."

வெல்டர் சிரித்தான். "என்னைப் பாத்தா வலிப்புக்கே வலிப்பு வரும்க்கா. கவலைப்படாதீங்க."

நியாயமாக நடந்துகொண்டோம் என்ற நிறைவில் அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அந்த வாரமே, சாரத்தின் மேல் நின்று கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்த வெல்டர் வெட்டி இழுத்துக் கீழே விழுந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. தையற்காரரின் மகளுக்குக் குளியலறையில் வலிப்பு வந்தது. கதவை உடைத்துத் தூக்கினார்கள். பிழைத்துக்கொண்டாள், பேச்சு வரவில்லை.

வெல்டரின் மனைவி கடை வாசலில் நின்று கத்தினாள். "வீட்ல பத்திரமா இருக்கிற பொண்ணுக்கு எதுக்குடி குடுத்தே? உசரத்துல ஏறுற மனுஷனுக்குல்ல முழுசையும் குடுத்திருக்கணும்!"

மருந்துக்கடைக்காரி ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

சரக்கு வந்ததும் தையற்காரர் வந்தார். அவள் பெட்டியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"ஒருத்தருக்குத்தான்னு இருந்தா, அன்னைக்கு யாருக்கும்மா குடுத்திருப்பே?"

வெல்டருக்கு என்று அவள் மனம் சட்டென்று சொன்னது. அவனுடைய சிரித்த முகம் அவளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான் காரணம். எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்தாள். இவருக்காவது ஆறுதலாக இருக்கட்டும் என்று பொய் சொன்னாள்.

"உங்க பொண்ணுக்குத்தாண்ணே."



"அப்ப ஏம்மா குடுக்கல?"