ஆட்டத்துக்கு முன் ஓர் அழைப்பு

மகன் அம்மாவின் தலையணைக்கு அடியிலிருந்து அவளுடைய போனை உருவி எடுத்து அணைக்கப் போனான். அப்பா எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அணைக்காதேடா. போன் போகலைன்னா பாப்பா இன்னும் பயந்துடுவா.”

“எடுத்து என்ன சொல்லப் போறீங்க?”

அது அவருக்கும் தெரியவில்லை. கட்டிலில் மனைவி கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தாள். காலையில் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். அவர் சமையலறைக்குப் போய் டம்ளரோடு திரும்புவதற்குள், சுவரில் சாய்ந்தபடியே எல்லாம் முடிந்திருந்தது. எதிர்வீட்டு நர்ஸ் ஓடிவந்து நாடி பார்த்தாள், மார்பை அழுத்திப் பார்த்தாள், பிறகு டாக்டரை வரவழைத்தாள். வந்தவர் மாரடைப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தண்ணீர் இன்னும் ஜன்னல் விளிம்பில் இருந்தது. அதை எடுத்துக் கொட்ட அவருக்குப் பயமாக இருந்தது.

பயம் அவருக்குப் புதிதல்ல. பஸ் பணிமனையில் பிரேக் சோதிக்கிற வேலை. “பயப்படறதுக்குச் சம்பளம் வாங்கற ஒரே மனுஷன் நீங்கதான்” என்று மனைவி கேலி செய்வாள். அவள் பள்ளி வேன் ஓட்டியவள். மகளை விடிவதற்கு முன்பே எழுப்பி ஹாக்கி மைதானத்துக்குக் கூட்டிப் போனதும் அவள்தான். ஜூனியர் அணியோடு முதல்முறை வெளிநாடு போன பெண் முன்பல் இரண்டு இல்லாமல் வந்து நின்றபோது அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வருஷம் முழங்காலில் அறுவை சிகிச்சை. இனி இவள் ஆட்டம் அவ்வளவுதான் என்று பத்திரிகையில் எழுதினார்கள். அவர் உள்ளுக்குள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். வெளியே சொல்லவில்லை.

ஆனால் மகள் எழுந்து ஓடினாள். தேசிய அணியில் முன்களத்தில் இடம் பிடித்தாள். கோல்கீப்பரின் காலில் பட்டுத் தெறிக்கிற பந்துக்காக, மற்றவர்கள் ஒதுங்குகிற இடத்தில் போய் நிற்பதுதான் அவள் பெயர் வாங்கிய வித்தை. இன்று வெளியூரில் நடக்கும் ஆட்டத்தில் ஜெயித்தால் அணி உலகக் கோப்பைக்குப் போகும். அம்மாவோடு பேசாமல் அவள் ஒரு ஆட்டத்துக்கும் இறங்கியதில்லை.

“மேட்ச் முடியட்டும்ப்பா. அப்புறம் நானே சொல்றேன். அம்மா இருந்தா அதைத்தான் சொல்லியிருப்பாங்க.”

‘இருந்தா’ என்று சொல்லிவிட்டு மகன் தரையைப் பார்த்தான்.

நர்ஸ் மனைவியின் தலைமுடியைச் சீவிக்கொண்டிருந்தாள். “தம்பி சொல்றது சரிதான் அண்ணே. அந்தப் பொண்ணு அங்க தன்னந்தனியா என்ன பண்ணும்?”

போன் அடித்தது. அவர் எடுத்துக் காதில் வைத்தார்.

“அம்மா!”

“நான்தான் பாப்பா.”

“அம்மா எங்கப்பா?”

“குளிக்கிறா.”

“இப்பவா? நான் கூப்பிடுவேன்னு தெரியாதா அவங்களுக்கு? சரி, சொல்லிடுங்க. ஆரம்பத்துலயே என்னை இறக்கறாங்க.”

“நல்லா ஆடும்மா.”

“அவங்க டீம் கோல்கீப்பர் பெரிய முரடுப்பா. பந்து வந்தா கண்ணு மண்ணு தெரியாம மேல வந்து விழுவா.”

“ஒண்ணும் ஆகாது. தைரியமா ஆடு.”

போனில் யாரோ ஸ்டிக்கில் டேப்பைச் சரக்கென்று இழுத்துச் சுற்றும் சத்தம் கேட்டது.

“அப்பா, நீங்க ஏன் பயப்படல?”

அவர் மகனைப் பார்த்தார்.

“எப்பவும் அம்மா பின்னாடி நின்னு கத்துவீங்க. பல்லுக்கு கார்டு போட்டாளா கேளு, முட்டி வலிக்குதான்னு கேளும்பீங்க. இன்னிக்கு தைரியமா ஆடுங்கறீங்க.” குரல் இறங்கிவிட்டது. “அம்மா எங்கப்பா?”

வேண்டாம் என்று மகன் இரண்டு கைகளையும் ஆட்டினான். அவர் குளியலறை, தாழ்ப்பாள், வெந்நீர் என்று தயாராக வைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட வரவில்லை.

“அம்மா போயிட்டாடா பாப்பா. காலைல.”

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். யாரோ அவளைச் சீக்கிரம் வரச் சொன்னார்கள். இணைப்பு அறுந்தது.

“கெடுத்துட்டீங்க,” என்றான் மகன். “கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல, இல்ல?”

அவர் திரும்பத் திரும்ப அழைத்தார். போன் அணைந்திருந்தது. உடை மாற்றும் அறையில் மயங்கி விழுந்திருப்பாளோ. இல்லை, களத்தில் இறங்கி, நினைப்பு எங்கேயோ இருக்க, நெற்றிக்கு வரும் பந்தைப் பார்க்காமல் நிற்பாளோ. நெற்றியைக் காக்க எந்தக் கார்டும் கிடையாது.

முன்னறையில் மகன் டிவியைச் சத்தமில்லாமல் போட்டான். அணி வரிசையாக வந்தது. அவளும் வந்தாள். தலைமுடியை இறுகக் கட்டியிருந்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. அதுதான் அவரை அதிகம் கலக்கியது.

ஓடினாள். காலியான கோலுக்கு முன்னால் வந்த பந்தை வெளியே அடித்தாள். கோல்கீப்பர் மோதியதில் உருண்டு விழுந்தாள். அவர் டிவியை நெருங்கிப் போனார். அவளாகவே எழுந்தாள். பயிற்சியாளர் வெளியே அழைத்தபோது மறுக்காமல் போய், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கேமரா அவளைக் காட்டிவிட்டு நகர்ந்தது. பிறகு வேறொருத்தி அடித்த ஒரே கோலில் அணி ஜெயித்தது. எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் அவளைத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

மகன் டிவியை அணைத்தான்.

மறுபடி போன் வந்தபோது முதலில் மூச்சு மட்டும் கேட்டது.

“ஜெயிச்சுட்டோம்ப்பா.”

“பாத்தேன்மா. அடி பட்டுச்சா?”

“இல்ல. மேனேஜர் டிக்கெட் போட்டுட்டாங்க. நாளைக்கு வந்துடுவேன். அதுவரைக்கும்…”

“வெச்சிருக்கோம்.”

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“அம்மாவோட கண்ணாடியைக் கழட்டிட்டீங்களா?”

அவர் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் அதை மடித்து அலமாரியில் வைத்திருந்தாள்.

“கழட்டியாச்சும்மா.”

“போட்டு விடுங்கப்பா. அது இல்லாம அவங்களுக்கு எதிர்ல யார் வர்றாங்கன்னே தெரியாது.”

அவர் கண்ணாடியை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்தார். காதோரம் சீவி விட்டிருந்த முடியை விலக்கி அதை அவளுக்கு மாட்டினார். மூக்கின்மேல் கோணலாக நின்றது. நேராக்கினார். கையை எடுத்ததும் மறுபடி சரிந்தது. இரண்டு விரல்களால் பிடித்தபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.