ஓரத்தில் ஒரு முத்திரை

சேமித்த வீடியோவை மருமகள் போனில் ஓட்டிக் காட்டினாள். ரம்பத்தின் பிளேடு தெரிய வேண்டிய இடத்தில், எவனோ முகம் தெரியாத கம்பெனிக்காரனின் பெயர் வெள்ளை எழுத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் அது அங்கேயேதான் இருந்தது.

"யாரு பேரும்மா இது?"

"இந்த ஆப்போட பேரு மாமா. இலவசமா எடுத்தோம்ல, அதான் வலது பக்கம் கீழ் ஓரத்துல முத்திரை குத்திடுறாங்க. காசு கட்டினா போயிடும்."

"அதானே பாத்தேன்."

"கார்டு நம்பர் போட்டா போதும். ஒரு மாசத்துக்குக் கட்டிட்டு அப்புறம் நிறுத்திடலாம்."

"கார்டு நம்பர் கேக்குறானா? அப்ப சரியான கைகாரன். மூடி வை."

லாரி ஓட்டியே தலை நரைத்த மனுஷர் அவர். டீசல் போடுகிற இடத்தில் மீட்டர் சைபரில் நிற்கிறதா என்று குனிந்து பார்க்காமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. எடை மேடைக்காரன், டயர் கடைக்காரன், ஆஸ்பத்திரியில் பஞ்சு வைத்துக் கட்டுகிற நர்ஸ் வரைக்கும் அவருக்கு எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள்தான். என்ன, சிலர் இன்னும் ஏமாற்ற ஆரம்பிக்கவில்லை, அவ்வளவே. காசு கேட்கிறவனை நம்பவே கூடாது என்பதில் அவர் கெட்டியாக இருந்தார். காசு கேட்காதவனைப் பற்றி மட்டும் யோசித்துப் பார்த்ததில்லை. இந்த வீடியோ வெட்டுகிற ஆப் சும்மா கிடைக்கிறது என்று மருமகள் சொன்னதும், "நல்லதாப் போச்சு, எறக்கு" என்று சொன்னவர் அவர்தான்.

மகன் மரம் அறுக்கிற மில்லில் வட்ட ரம்பத்துக்குப் பலகை தள்ளுகிற வேலையில் இருந்தான். பிளேடு தலைக்கு மேல் ஒரு இரும்பு மூடி இருக்க வேண்டும். மூடி இருந்தால் பெரிய கட்டைகள் இடிக்கும், வேலை நிதானப்படும் என்று மேஸ்திரி அதைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டார். சாத்தியது சாத்தியபடியே கிடந்தது. ஒரு நாள் பலகையோடு சேர்ந்து மகனின் வலது கையும் உள்ளே போனது. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. நஷ்ட ஈடு கேட்டதற்கு மில்லிலிருந்து பதில் வந்தது: மூடியைக் கழற்றியது அவனே, யார் சொல்லியும் கேட்கவில்லை, குற்றம் அவனுடையது.

அதைப் பொய்யாக்க இந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு வீடியோ. விபத்துக்கு முன்னால், சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்பு, சிநேகிதன் ஒருத்தன் மகனின் போனை வாங்கி விளையாட்டாக எடுத்தது. மகன் பலகையைத் தள்ளுகிறான். பிளேடு மொட்டையாகச் சுற்றுகிறது. இடது பக்கத்தில் மேஸ்திரி இடுப்பில் கை வைத்து நின்று அதைப் பார்க்கிறார், பார்த்துவிட்டு, கொட்டாவி விட்டுவிட்டுப் போகிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்? படம் எடுத்த சிநேகிதனைச் சாட்சிக்குக் கூப்பிட்டபோது, "எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குப்பா" என்று கும்பிட்டுவிட்டுத் தெருவின் அடுத்த பக்கம் போய்விட்டான். ஆக, வாயில்லாத சாட்சியாக அந்தப் போன் மட்டும்தான் இருந்தது.

ஆனால் வாய் இருந்தது, அதுதான் பெரியவருக்கு உறுத்தியது. வீடியோவில் மகன் கத்துகிறான்: "பாத்துக்கோங்க, மூடி இல்லாத மிஷினு, மின்னல் மாதிரி கையி! நம்ம மேஸ்திரியே கழட்டிப் போட்டுட்டாரு, ஆளு அவசரக்காரரு!" பின்பாதி அமிர்தம். முன்பாதி விஷம். மின்னல் மாதிரி கை என்று இவனே பீற்றிக்கொண்டால், திமிரில் போய் மாட்டிக்கொண்டான் என்று சொல்லமாட்டார்களா? போதாததற்குத் தொடக்கத்தில் முதலாளியைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை வேறு. வழக்கை எடுத்து நடத்திய தொழிற்சங்கத்துக்காரரும், "லேபர் ஆபீஸருக்குப் பொறுமை கிடையாது, தேவையான இடத்தை மட்டும் சுருக்கிக் குடுங்க" என்று சொல்லியிருந்தார்.

"அப்படியே குடுங்கப்பா" என்றான் மகன், சுவரைப் பார்த்துப் படுத்தபடி. கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் ஒரு குழந்தையைப் போல் கிடத்தியிருந்தான்.

"நீ சும்மா கெட. உன் வாய்தான் உனக்கு எமன்."

"நான் அந்த வீடியோவப் பாக்க மாட்டேன். என்னமோ பண்ணுங்க."

அப்படித்தான் மாமனாரும் மருமகளுமாக உட்கார்ந்து அதை வெட்ட ஆரம்பித்தார்கள். அந்த ஆப் ஒரு விசித்திரமான வீடு. வாசல் கதவு அகலத் திறந்திருக்கிறது. உள்ளே எந்த அறையைத் தொட்டாலும் பூட்டு. ஒவ்வொரு பொத்தானின் தலையிலும் ஒரு குட்டிப் பூட்டுப் படம். கெட்ட வார்த்தை இருந்த தொடக்கத்தை வெட்ட முடிந்தது. சத்தத்தில் ஒரு வரியை மட்டும் எடுக்கலாமா என்றால், பூட்டு. அமுக்கினால் மொத்தத்தையும் அமுக்கலாம். படத்தைப் பெரிதாக்கி பிளேடை நடுவில் கொண்டுவரலாமா, அதற்கும் பூட்டு. அதைத் தெளிவான படமாகச் சேமிக்கலாமா? பெரிய பூட்டு. நடுநடுவே எவளோ ஒருத்தி வந்து தலைக்குத் தடவுகிற எண்ணெயை விற்றாள், அவள் முடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. பெரியவர் யோசித்தார். மேஸ்திரி நிற்பதுதான் கண்ணால் தெரிகிறதே, பேச்சு எதற்கு? "ஊமையாக்கிடு" என்றார். அமிர்தமும் விஷமும் சேர்ந்து போயின.

எல்லாம் முடிந்து பார்த்தால்தான் இந்த முத்திரை. எடுத்தவன் போனைப் பிடித்த கோணத்தில் பிளேடு சரியாக வலது கீழ் ஓரத்தில் இருந்தது. முத்திரையும் அங்கேதான் விழுந்தது. மூடி இல்லை என்று காட்டத்தான் இந்தப் பாடே. இப்போது எழுத்துகள் நெருக்கமாக நின்று பிளேடுக்கு மூடி போட்டுவிட்டன. "மில்லுக்காரன் போடாத மூடிய இவன் போட்டுட்டான்" என்றார் பெரியவர். சிரிப்பு வரவில்லை.

மருமகள் கெட்டிக்காரி. சட்டென்று நிமிர்ந்தாள்.

"மாமா, முத்திரையத்தான் நகத்த முடியாது. படத்தப் பொரட்டலாம்ல? கண்ணாடியில தெரியுற மாதிரி. இதுக்குப் பூட்டு இல்ல பாருங்க."

ஒரு தட்டு தட்டினாள். பிளேடு இடது ஓரத்துக்குத் தாவியது. மேஸ்திரி வலது பக்கம் போய் நின்றார். முத்திரை அவர் செருப்பின் மேல் கிடந்தது. பல் பல்லாக, பளிச்சென்று, மொட்டைப் பிளேடு. பெரியவர் பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "உன்ன இந்த வீட்டுக்குக் கட்டிக்கிட்டு வந்தது வீண் போகல" என்றார். கொடுக்காதவர் கொடுத்த பாராட்டு. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சங்கத்துக்காரருக்கு அனுப்பப் போனால் போன் மக்கர் பண்ணியது. இடமில்லையாம்.

"பழச அழிச்சிடவா மாமா? குப்பைத் தொட்டியையும் காலி பண்ணினாத்தான் எடம் வரும்."

"அழி. அந்தப் பீத்தப் பேச்சு போன்ல கெடந்தா என்னைக்காச்சும் எவன் கையிலயாச்சும் சிக்கும். வேரோட அழி."

விசாரணை நடந்த அறையில் மின்விசிறி சத்தம்தான் அதிகமாக இருந்தது. லேபர் ஆபீஸர் தலைவலிக்காரர் மாதிரி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மில்லின் வக்கீல் சின்ன வயசுக்காரன், மரியாதை தெரிந்தவன், பெரியவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். சங்கத்துக்காரர் வீடியோவை மேஜைக் கம்ப்யூட்டரில் ஓட்டினார். பெரிய திரையில் படம் கஞ்சி வடித்ததுபோல் கலங்கித் தெரிந்தது. ஆனாலும் பிளேடு தெரிந்தது. பெரியவர் ஆபீஸரின் முகத்தையே பார்த்தார். அந்த முகத்தில் ஏதோ இறங்கி வருகிற மாதிரி இருந்தது. "மூடி இல்லதான்" என்று முணுமுணுத்தார்.

வக்கீல் எழுந்தான். "சார், திரும்ப ஒரு தடவை. இப்ப மிஷினப் பாக்காதீங்க. பின்னாடி சுவத்துல கடிகாரத்தப் பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். மகனின் தலைக்கு மேலே, மில் சுவரில் ஒரு வட்டக் கடிகாரம். அதன் வினாடி முள் நிதானமாக, யாருக்கும் பயப்படாமல், பின்னால் போய்க்கொண்டிருந்தது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"எங்க மில்லுல காலம் கொஞ்சம் மெதுவாத்தான் போகும் சார். ஆனா பின்னாடி போனதில்ல" என்றான் வக்கீல். "அடிபட்டது எந்தக் கை? வலது. இதுல எந்தக் கையால தள்ளுறாரு? இடது. சத்தம் எங்க? இல்ல. முதல்ல என்ன நடந்துது? வெட்டியாச்சு. இதெல்லாம் நான் சொல்லல சார். ஓரத்துல அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்களே, வீடியோ வெட்டுற ஆப்போட பேர. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

அந்தப் படத்தில் நேராகப் படிக்க முடிந்தது அந்த முத்திரை ஒன்றுதான்.

மருமகள் எழுந்து நின்று, புரட்டியது ஏன் என்று விளக்கினாள். நன்றாகத்தான் விளக்கினாள். ஆனால் பிளேடு, ஓரம், முத்திரை, பூட்டு என்று சொல்லச் சொல்ல, உண்மை அவள் வாயிலேயே பொய்யின் வாடை அடிக்க ஆரம்பித்தது. ஆபீஸர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் நம்புறேம்மா. அசலக் கொண்டாங்க. இப்பவே பாத்துடலாம்."

அவள் மாமனாரைப் பார்த்தாள். 'நீங்கதானே சொன்னீங்க' என்று அவள் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அழிச்சாச்சுங்க" என்றார் பெரியவர்.

"ஏன்?"

"எடம் பத்தலைங்க."

வக்கீல் குனிந்து தன் பேனாவுக்கு மூடி போட்டான்.

வெளியே வரும்போது சங்கத்துக்காரர், "அந்தப் பேச்சையாவது விட்டு வெச்சிருக்கலாமேய்யா. மேஸ்திரி கழட்டினாருன்னு உங்க பையன் வாயாலயே இருந்துச்சுன்னு இப்ப சொல்றீங்க" என்றார். பெரியவர் அவரிடமும் கோபப்பட முடியாமல் படியைப் பார்த்து இறங்கினார். வாழ்நாள் முழுக்க எதிரில் வருகிற வண்டியையே சந்தேகப்பட்டு ஓட்டியாயிற்று. தன் கையில் இருந்த ஸ்டியரிங்கை ஒரு தடவையாவது சந்தேகப்பட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் முகம்கூடக் கழுவாமல் போனை எடுத்தாள். திரும்பப் புரட்டிவிடலாம், கடிகாரமாவது நேராகட்டும் என்று. எண்ணெய்க்காரி வந்து போனாள். படம் வந்தது. கடிகாரம் ஒழுங்காக முன்னால் ஓடியது. பழைய முத்திரை தலைகீழ் புத்திக்காரன் எழுதியதுபோல் திரும்பிக்கொண்டு இடது ஓரத்துக்குப் போயிருந்தது. வலது ஓரத்தில், பிளேடுக்கு நேர் மேலே, புத்தம் புதிதாக இன்னொரு முத்திரை விழுந்திருந்தது.

அவள் போனைக் கட்டில் மேல் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை.

பெரியவர் வாசலில் வெயில் தாழ்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். மகனிடம் என்னவென்று சொல்வது? அவன் கேட்கவும் இல்லை. கடைசியில் எழுந்து, 'தோத்துட்டோம்டா' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுத் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அறைக்குப் போனார். நிலையில் கையை ஊன்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

மகன் சுவர்ப்பக்கத்திலிருந்து திரும்பி எழுந்து உட்கார்ந்திருந்தான். போனைத் தலையணையில் சாய்த்து நிறுத்தி, இத்தனை நாள் பார்க்க மாட்டேன் என்ற அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் புரட்டியது, கடிகாரம் பின்னால் ஓடுகிறது. அதில் அவன் இடது கையால் பலகையைத் தள்ளுகிறான், லாவகமாக, தோளைச் சற்றுச் சாய்த்து, விரல்களை விரித்து. படம் முடிந்தது. கட்டைவிரல் மட்டும் இருந்த கையால் தட்டி மறுபடி ஓட்டினான். திரையில் கை நகர நகர, கட்டிலின் விளிம்பில், இல்லாத ஒரு பலகையின் மேல், அவனுடைய இடது கையும் மெதுவாகக் கூடவே நகர்ந்தது. ஒரு இடத்தில் தப்பியது. நிறுத்தினான். முதலிலிருந்து ஓட்டினான்.