வெறுந்தட்டில் முள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நானாக எழுத நினைத்ததல்ல, அக்கா எனக்கு விதித்த தண்டனை. "நீ பண்ணினதைக் கதையா எழுது. எழுதி மொதல்ல எங்கிட்ட காட்டு," என்றாள்.

அக்கா முப்பத்தொரு வருடம் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்த ஆய்வாளர். 'தராசக்கா' என்றால்தான் கடைத்தெருவில் தெரியும். தராசு சரியாக இருந்தால் பாராட்டெல்லாம் கிடையாது. 'ம்' என்று ஒரு சத்தம், முத்திரை, அடுத்த கடை. போன மாதம் ஓய்வு பெற்றாள்.

ஆரம்பம் ஒன்று: மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், தன் எதிர்காலத்தைக் கையில் ஏந்தியபடி அவள்...

[அன்று மழையே இல்லை. அவள் கையில் இருந்தது ஒரு படிவம். அடித்துவிட்டேன்.]

ஆரம்பம் இரண்டு: ஓய்வூதியம் என்பது மனித நாகரிகத்தின்...

[இந்த வரியிலேயே அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டாள்.]

2

சரி, நேராகவே வருகிறேன். படிவத்தில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் குறியிட்டால் கடைசி மூச்சு வரைக்கும் மாதாமாதம் முழு ஓய்வூதியம். இரண்டாவதில் குறியிட்டால் ஒரு பகுதி இப்போதே மொத்தமாகக் கைக்கு வரும், மாதத் தொகை அதற்கேற்பக் குறையும். அனுப்பிய பிறகு யார் காலில் விழுந்தாலும் மாற்ற முடியாது.

அக்காவுக்குக் கணவரும் இல்லை, பிள்ளையும் இல்லை. தம்பி என்று நான் இருக்கிறேன். (நான் எவ்வளவு பலம் என்பது போகப் போகத் தெரியும்.) லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். இரண்டு முழங்காலும் மக்கர் பண்ணுகின்றன. மொத்தப் பணம் வந்தால் தரைத்தளத்தில் சின்னதாக ஒரு வீடு வாங்கலாம், ஆனால் வயதான காலத்தில் மாதக் கடைசியில் கை கடிக்கும். பணத்தை எடுக்காவிட்டால் மாதம் நிம்மதியாக ஓடும், மாடிப்படி மட்டும் அப்படியே இருக்கும்.

"விஷயம் தெரிஞ்ச ஆளா, நம்புற மாதிரி யாராவது இருந்தா சொல்லேன்டா," என்றாள். நான் யோசிக்கவே இல்லை. உடனே ஒருவரைச் சொன்னேன்.

3

அவரைப் 'புன்னகை' என்று வைத்துக்கொள்வோம். எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் இருக்கிறார், தொழில் நிதி ஆலோசனை. அக்காவை அவர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன்.

கதையின் முதல் வரைவில் அவருக்கு ஆறு மோதிரமும் ஒரு தங்கப்பல்லும் கொடுத்திருந்தேன். அக்கா சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். "அந்த மனுஷன் கையில ஒரு மோதிரம்கூட இல்ல. நான் மூச்சு வாங்குறதைப் பார்த்துத் தண்ணி கொண்டுவந்து குடுத்தார். அதை எழுது," என்றாள். எழுதிவிட்டேன். நல்ல மனிதர்தான், என்ன செய்ய? கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கதை சுலபமாக முடிந்திருக்கும்.

ஆலோசனை இலவசம் என்றார். வண்ண வண்ணமாக மூன்று வரைபடம் காட்டினார். மூன்றும் சுற்றிச் சுற்றி இரண்டாவது கட்டத்திலேயே வந்து நின்றன. மொத்தப் பணத்தை எடுத்து அவர் சொல்லும் திட்டத்தில் போட்டால் பத்து வருடத்தில் லிஃப்ட் வைத்த வீடே வாங்கலாமாம்.*

(* பத்து வருடம் கழித்து அக்காவுக்கு எழுபது. முழங்காலுக்கு எத்தனை வயது என்று வரைபடத்தில் இல்லை.)

இங்கே அக்காவின் வேலை முறையைச் சொல்லியாக வேண்டும். தராசைச் சோதிக்கப் போகிற புதிய ஆட்கள் முதலில் எடைக்கல்லை எடுப்பார்களாம். அக்கா எடுக்கமாட்டாள். முதலில் தட்டைக் காலி பண்ணச் சொல்லி முள்ளைப் பார்ப்பாள். ஒன்றுமே வைக்காதபோது முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை என்றால் தட்டுக்கு அடியில் எங்கோ ஒரு காந்தம் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அதையேதான் புன்னகையிடமும் செய்தாள். "நான் பணத்தையே எடுக்கலைன்னா, இன்னிக்கு நீங்க செலவழிச்ச நேரத்துக்கு உங்களுக்கு யார் சம்பளம் குடுப்பா?" என்று கேட்டாள். அவர் அரைமணி நேரம் பதில் சொன்னார். 'யார்' என்பது மட்டும் அதில் வரவே இல்லை. தண்ணீர் டம்ளரைக் காலி செய்து வைத்துவிட்டு, நன்றி சொல்லி எழுந்துவிட்டாள்.

4

[இந்தப் பகுதி முதல் வரைவில் இல்லை. மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவியிருந்தேன். அக்கா ஓரத்தில் 'எடை குறைவு' என்று எழுதிவைத்தாள்.]

பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். நான் புன்னகையின் நல்ல குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா பேருந்து வரும் திசையையே பார்த்தபடி கேட்டாள்.

"நான் கையெழுத்துப் போடலைன்னா உனக்கு என்னடா நஷ்டம்?"

சொல்லிவிடுகிறேன். என் அடுத்த புத்தகத்தில் இருநூறு பிரதி வாங்கித் தன் வாடிக்கையாளர்களுக்குப் பரிசாகக் கொடுப்பதாகப் புன்னகை சொல்லியிருந்தார். 'உங்க அக்கா நம்ம பக்கம் வந்தாங்கன்னா' என்றுதான் அந்த வாக்கியம் ஆரம்பித்தது. என் போன புத்தகம் விற்றது அறுபத்திரண்டு, அதுவும் சொந்தபந்தத்தைச் சேர்த்து. இருநூறு என்று கேட்டதும் எனக்குக் கண்மண் தெரியவில்லை. அக்காவின் மாடிப்படியும் மறந்துபோனது.

அக்காவிடமும் இதைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "அவர் தொழில் அது, அவர் பண்றார். உனக்கு என்னடா வந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

5

அடுத்த ஆளை அக்காவே தேடினாள். பதிவு பெற்ற ஆலோசகர்களின் பட்டியலில், எந்த நிறுவனத்திடமும் கமிஷன் வாங்காதவர்களை மட்டும் பொறுக்கி, ஒவ்வொருவரின் பதிவு எண்ணையும் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஒரு அறைக்குப் போனோம். என்னையும் கூட்டிப்போனாள், கண் பார்வையில் வைத்துக்கொள்வதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

உள்ளே தலைமுடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி. ஒரு மணி நேரத்துக்கு என்ன கட்டணம் என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தார். கட்டணம் குறைவில்லை. நான் பெருமூச்சு விட்டேன், அக்கா முறைத்தாள்.

அதே கேள்விதான். "நான் ஒண்ணுமே பண்ணலைன்னா உங்களுக்கு என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்க. எந்தக் கட்டத்துல குறி போட்டாலும் எனக்கு இதே கட்டணம்தான்," என்றார் ஆலோசகர். கீழே சைக்கிள் கடையில் யாரோ சக்கரத்தைச் சுற்றிவிட்ட சத்தம் கேட்டது.

அக்கா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் வரைபடம் எதையும் காட்டவில்லை. வாடகை, முழங்கால், அம்மா எத்தனை வயது வரை இருந்தார் என்று கேட்டுக்கொண்டே போனார். இரண்டு கட்டத்திலும் எது கிடைக்கும், எது போகும் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். முடிவை மட்டும் எழுதவில்லை, அது அக்காவுடையது என்றார்.

6

[இந்தப் பகுதியை அக்கா இன்னும் படிக்கவில்லை.]

இன்று காலை அக்கா ஓர் உறையைக் கொடுத்தாள். "கால் வலிக்குது. தபால்ல போட்டுடு," என்றாள். எந்தக் கட்டம் என்று கேட்டேன். "போட்டுடுன்னுதானே சொன்னேன்?"

முடிவு அ: பசை சரியாக ஒட்டவில்லை. நான் மெல்லப் பிரித்துப் பார்க்க, உள்ளே...

முடிவு ஆ: ஜன்னல் வெளிச்சத்தில் உறையைத் தூக்கிப் பிடித்தேன். நிழலாக ஒரு குறி, இரண்டாவது கட்ட...

[இரண்டையும் நானே அடித்துவிட்டேன். பசை உண்மையிலேயே சரியாக ஒட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது அக்கா வைத்த சோதனையாகவும் இருக்கலாம், ஆய்வாளர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரமாட்டார்கள்.]

தெருமுனைக்குப் போய், தபால்பெட்டியின் வாய்க்குள் உறையை நுழைத்துவிட்டேன். அது அடியில் விழுந்த சத்தம் கேட்டது.

7

ஆக, முடிவு எனக்கே தெரியாது. தரைத்தள வீடா, முழு ஓய்வூதியமா, நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்களுக்கு இதில் கமிஷன் கிடையாது, இருநூறு பிரதியும் கிடையாது. இந்தக் கதையில் என்னைவிட நம்பத் தகுந்த ஆள் நீங்கள்தான். ஒரே ஒரு கட்டம், நிதானமாகக் குறியிடுங்கள்.

நான் வீட்டுக்கு வந்ததும் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"போட்டியா?"

"போட்டேன்."

"பிரிச்சுப் பார்த்தியா?"

"இல்லக்கா."

மறுமுனையில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது.

"ம்," என்றாள். அப்புறம் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, நாளைக்கு வரும்போது ஸ்பானர் கொண்டுவா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.