சட்டையில் ஒட்டிய துரு

பூப்பண்ணையின் கருவி அறையில் போன் அடித்தபோது மருந்தடிப்பவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஃபிட்டர்தான் எடுத்தார்.

"மூணாம் கூடாரத்துல துரு. இன்னிக்கே பாத்துடுங்க," என்று சொல்லிவிட்டு மேலாளர் வைத்துவிட்டார்.

ஃபிட்டருக்குத் தெரிந்த துரு ஒன்றுதான். உப்புத்தாளும் கம்பி பிரஷும் எடுத்துக்கொண்டு போனார். பிளாஸ்டிக் போர்த்திய மூன்றாம் கூடாரம் முழுக்க இடுப்புயரச் சாமந்தி. செடியை முதுகால் ஒதுக்கி, முட்டி போட்டு, நாற்பது இரும்புத் தூணையும் சுரண்டினார். ஒன்றும் அவ்வளவு மோசமில்லை. மேலாளருக்குக் கண்ணாடி மாற்றவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். வந்ததே வந்தோம் என்று பக்கத்து நாலாம் கூடாரத்துக்கும் நடந்தார். அங்கேதான் அவர் மனைவி மொட்டுக் கிள்ளுகிறாள்.

"என்ன மாப்ளே, வீட்ல பாத்தது பத்தலையா?" என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"தூணைப் பாக்க வந்தேன்."

"இவளும் தூண் மாதிரிதானே நிக்கிறா. நல்லா பாத்துக்குங்க!"

மனைவி சிரிக்கவில்லை. "சட்டையைத் தட்டுங்க முதல்ல. செம்பொடியா ஒட்டியிருக்கு. துவைக்கிறவளுக்குத்தான் தெரியும்."

அவள் பாத்தி ஓரத்திலேயே நின்று தட்டினார்.

சாயங்காலம் விஷயம் தெரிந்து மருந்தடிப்பவர் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், அது இரும்புத் துரு இல்லய்யா. இலைத் துரு. பூஞ்சை." ஓர் இலையைப் புரட்டிக் காட்டினார். அடியில் கொப்புளம் கொப்புளமாகப் பழுப்பு. கட்டைவிரலால் தேய்த்தால் பொடி. ஃபிட்டர் தன் முழங்கையைப் பார்த்தார். இரண்டும் ஒரே நிறம்.

"வேற செடியில ஒட்டிச்சுன்னா எப்போ தெரியும்?"

"பத்துப் பன்னெண்டு நாள் ஆகும். ஏன்?"

"சும்மாதான்."

மூன்றாம் கூடாரத்தைப் பிடுங்கி எரித்தார்கள். அங்கிருந்த பெண்களுக்கு, புது நாற்று நடும்வரை வேலை இல்லை. ஃபிட்டர் தினமும் ஏதாவது சாக்கு வைத்து நாலாம் கூடாரத்துக்குப் போய் இலையைப் புரட்டினார். பதினோராம் நாள் மேல்பக்கம் மஞ்சள் புள்ளி, அடியில் பழுப்பு. மனைவியின் பாத்தியில்தான் அதிகம்.

மறுநாள் மேலாளர் வந்து பெண்களை வரிசையாக நிறுத்தினார். வாசலில் கால் நனைத்து உள்ளே வர வைத்திருந்த மருந்துத் தட்டைக் காட்டினார். "கால் நனைக்காம மூணுலேர்ந்து வந்தது யாரு?" பிறகு ஃபிட்டரின் மனைவியிடம் திரும்பினார். "உன் பாத்திலதான் ஆரம்பம். இனி நாலையும் பிடுங்கணும். மத்தவங்களை நாற்று வந்ததும் கூப்பிடுவேன். நீ வரவேண்டாம்."

அவள் வாய் திறப்பதற்குள் ஃபிட்டர் முன்னால் வந்தார். "நான்தான் கொண்டாந்தேன் சார். மூணுல தூண் சுரண்டிட்டு நேரா இங்க வந்தேன்."

"தூணை யாருய்யா சுரண்டச் சொன்னது?"

"நீங்கதான். துருன்னீங்க."

மேலாளர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெண்களில் ஒருத்தி இருமுவதுபோல் சிரித்தாள். அது போதுமாக இருந்தது. "பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு," என்றார் ஃபிட்டரிடம்.

பின்பக்கம் நாலாம் கூடாரத்துச் செடிகளைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார்கள். ஃபிட்டர் சட்டையைக் கழற்றி அதில் போட்டார். மனைவி பின்னாலேயே வந்தாள்.

"தட்டுங்கன்னு சொன்னது நான்தானே. போய்ச் சொல்லிடறேன்."

"வாயை மூடு," என்றார் அவர். "ஒரு வீட்டுல ஒருத்தர் போனா போதும்."