விளக்கு மட்டும் எரிந்த பெட்டி

நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் பிற்பகல். ஸ்ஃபாக்ஸ் நகரின் வீடுதோறும் வெங்காயமும் உலர்ந்த திராட்சையும் குழைந்த ஷர்மூலாவின் மணம் இன்னும் தங்கியிருந்தது. லஸ்அத் மேசைக் கணினியின் பின்புறம் தலையை நுழைத்துக்கொண்டு முழந்தாளிட்டிருந்தான். பதினோரு ஆண்டுகளாக மார்சேயில் வாழும் அவன் அண்ணன் நூரி, கட்டிலின் விளிம்பில் அமர்ந்து காத்திருந்தார்.

அன்று காலை உணவின்போதுதான் லஸ்அத் வாய் திறந்திருந்தான். பெருநாளன்று பிழை பொறுக்கும்படி ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் வழக்கப்படி அண்ணனின் தோளைத் தழுவியபோது, மூன்றாண்டுகளாக நெஞ்சில் கிடந்தது தானாக வெளியே வந்துவிட்டது.

"அண்ணே, அப்பா உனக்குன்னு ஒண்ணு பேசி வெச்சிட்டுப் போனாரு. என்கிட்டதான் இருக்கு."

நூரி கையிலிருந்த ரொட்டித் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "எனக்கா? எவ்வளவு நேரம்?"

"இருபத்திரண்டு நிமிஷம்."

அதன்பின் அவர் எதையும் உண்ணவில்லை. ஏன் இதுவரை தரவில்லை என்றும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அவர் பிறகு கேட்பதற்காக வைத்திருக்கிறார் என்றே லஸ்அத்துக்குத் தோன்றியது.

இப்போது கறுப்பு நிற ஹார்டு டிஸ்க் பெட்டி மேசைமேல் இருந்தது. அதன் முகப்பில் நீல விளக்கு எரிந்தது. ஆயினும் திரையில் அதன் சின்னம் வரவில்லை.

"என்னடா, உன் பென்குவினுக்குப் பெருநாள் விடுமுறையா?" என்றார் நூரி, திரையோரத்தில் இருந்த லினக்ஸ் பென்குவின் படத்தைக் காட்டி. "என் மகன் கம்ப்யூட்டர்ல சொருகுனவுடனே டிங்குன்னு ஒரு சத்தம் வரும்."

"அது டிங்குன்னு சொல்லிட்டு உள்ள என்ன பண்ணுதுன்னு உன் மகனுக்குத் தெரியாதுண்ணே. இது சத்தம் போடாது. ஆனா கேட்டா எல்லாத்தையும் சொல்லும்."

தேநீர்த் தட்டுடன் வந்த ஜலீலா கணவனின் முதுகைப் பார்த்துச் சிரித்தாள். "நூரி அண்ணே, இவரு பள்ளிக்கூடத்துல பாதி வாத்தியாருங்க வீட்டு கம்ப்யூட்டர்ல இந்த லினக்ஸத்தான் ஏத்தி விட்டிருக்காரு. அவங்கெல்லாம் பிரிண்டர் ஓடலன்னு, சரியா நோன்பு திறக்கிற நேரம் பாத்து போன் பண்றாங்க. ஒரு கையில பேரீச்சம்பழம், ஒரு கையில போனு!"

நூரியும் சிரித்தார். அறை சற்று இளகிற்று. லஸ்அத் எழுந்து அமர்ந்து, கருந்திரையில் கட்டளைகளை அடிக்கலானான். இணைந்துள்ள வட்டுகளின் பட்டியலைக் கேட்டான். கணினியின் சொந்த வட்டு ஒன்றே வந்தது. இயந்திரம் தனக்குள் நடப்பதையெல்லாம் நொடிக்கு நொடி எழுதும் குறிப்பேட்டைத் திறந்துவைத்து, பெட்டியைப் பிடுங்கினான். மறுபடியும் செருகினான். விளக்கு அணைந்து எரிந்தது. குறிப்பேட்டில் ஒரு வரிகூடச் சேரவில்லை. முன்பக்கத் துளையிலும், பின்பக்கத்து நான்கு துளைகளிலும் மாறிமாறிச் செருகிப் பார்த்தான். பயனில்லை.

"செத்துப்போச்சா?" என்றார் நூரி. அவர் குரலில் கேலி இல்லை.

"செத்திருந்தா அதையாவது எழுதியிருக்கும், அண்ணே. கோளாறு பிடிச்ச டிஸ்கா இருந்தா திட்டித் திட்டி எழுதும். இங்க எதையுமே சொருகாத மாதிரி உக்காந்திருக்கு. மின்சாரம் போகுது, ஆனா பேச்சு போகல."

அவ்வாறு சொல்லி முடிக்குமுன்பே அவன் கண் கேபிளின்மேல் சென்றது. பெட்டியுடன் வந்த கேபிள் தடித்தது. முனையில் அகன்ற இரட்டை வாய் உடையது. இப்போது செருகியிருப்பதோ மெல்லிய, நீளமான வெள்ளைக் கேபிள். கைப்பேசிக்கு மின்னூட்டம் செய்வதற்கென்றே கடைகளில் விற்கும் மலிவுச் சரக்கு. அவ்வகைக் கேபிளின் உள்ளே மின்சாரத்திற்கான கம்பிகள் மட்டுமே இருக்கும். தகவல் செல்லும் கம்பிகள் இருக்கமாட்டா. இதனை அவனே ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கேபிளை அறுத்துக் காட்டியிருக்கிறான்.

"ஜலீலா! மேசை இழுப்பறையில ஒரு தடிச்ச கறுப்பு கேபிள் இருக்கும், பாரு."

அவள் தேடி எடுத்துக் கொடுத்தாள். அதனைச் செருகிய மறுகணமே குறிப்பேட்டில் வரிகள் மளமளவென்று இறங்கின. புதிய சாதனம் கண்டறியப்பட்டது, உற்பத்தியாளர் பெயர், கொள்ளளவு ஒரு டெராபைட்.

"வந்துடுச்சு, அண்ணே! வந்துடுச்சு!"

நூரி எழுந்து வந்து தம்பியின் நாற்காலிக்குப் பின்னே நின்று, அதன் முதுகை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்ற சொல் அவர் வாயில் முணுமுணுப்பாக எழுந்தது. ஜலீலா தட்டை வைத்துவிட்டு, சகோதரர் இருவரையும் தனியே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

லஸ்அத் பெட்டியைக் கணினியோடு பிணைத்துக் கோப்புகளின் பட்டியலைத் திறந்தான். மாணவர்களின் பழைய வினாத்தாள்கள் வந்தன. ஜலீலாவின் தங்கை திருமணப் படங்கள் வந்தன. தேதிப்படி வரிசைப்படுத்தி மேலே பார்த்தான். எல்லாவற்றிலும் புதியது மூன்றரை ஆண்டுகளுக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமையில் எழுதப்பட்டிருந்தது. அதற்குப்பின் ஒன்றுமில்லை.

அப்பா பேசியதோ அதற்கு ஐந்து மாதங்கள் கழித்து.

அவன் விரல்கள் விசைப்பலகையின்மேல் நின்றுவிட்டன. அந்த வெள்ளிக்கிழமை அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. அதற்கு மறுநாள்தான் அப்பாவின் நோய்க்கட்டிலை இந்த அறைக்குக் கொண்டுவந்தார்கள். இடம் போதாமல் மேசையைச் சுவரோரம் தள்ளினான். பெட்டியின் கேபிள் எட்டவில்லை. அப்பா இருமிக்கொண்டிருந்தார், மருந்துக்கு நேரமாகியிருந்தது. கைக்கெட்டிய கைப்பேசிக் கேபிளைச் செருகினான். நீல விளக்கு எரிந்தது. அதுவே போதும் என்று எழுந்துவிட்டான்.

வெள்ளிதோறும் தானாகவே எல்லாவற்றையும் பெட்டிக்குப் படியெடுக்கும்படி கணினிக்கு அவன் ஆணை எழுதிவைத்திருந்தான். பெட்டி கிடைக்காவிட்டால் கணினி முரண்டு பிடிக்காமல் தன் வேலையைத் தொடரவேண்டும் என்றும் அவனே எழுதியிருந்தான். லினக்ஸில் வெளிவட்டு என்பது ஒரு கோப்புறையின்மேல் வந்து அமர்வது. வட்டு வராதபோதும் அந்தக் கோப்புறை வெறுமையாக அங்கேயே இருக்கும். அதில் எழுதுவதெல்லாம் கணினியின் சொந்த வட்டிலேயே சேரும். மூன்றரை ஆண்டுகளாக வெள்ளிதோறும் நடந்தது அதுதான். அந்தக் கோப்புறைக்கு, நம்பி ஒப்படைத்தது என்னும் பொருளில், 'அமானிதம்' என்று பெயர் வைத்திருந்தான். ஐயம் வரும்போதெல்லாம் அதனைத் திறந்து பார்ப்பான். அப்பாவின் ஒலிப்பதிவு உள்ளே இருக்கும். மூடிவிடுவான். அவன் பார்த்தது பெட்டியை அல்ல. ஒரே வட்டில் இரண்டு இடங்களில் கிடந்த ஒரே பொருளை.

நோன்பு தொடங்குமுன் ஷஃபான் மாதத்தில், எல்லாம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்ற துணிவில், கணினியைத் துடைத்துப் புதிதாக லினக்ஸ் நிறுவினான். வட்டு முழுவதையும் பூட்டி வைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தான். பழைய சுவடு ஒன்றும் எஞ்சாதபடி வட்டின் மூலைமுடுக்கெல்லாம் குப்பை எண்களை எழுதி நிரப்பட்டுமா என்று அது கேட்டது. பலர் பொறுமையின்றி அதனைத் தவிர்த்துவிடுவார்கள். லஸ்அத் தவிர்க்கவில்லை. ஏழு மணி நேரம் ஓடவிட்டான். அடுத்து நோன்பு வந்துவிட, பெட்டியிலிருந்து எதையும் திரும்ப எடுக்க இன்றுவரை நேரம் வாய்க்கவில்லை.

"எங்கடா? போடு, கேப்போம்," என்றார் நூரி.

"அண்ணே..."

"சத்தம் கம்மியா வெச்சாலும் பரவால்ல. போடு."

லஸ்அத் நாற்காலியைத் திருப்பினான். கேபிளைச் சொன்னான், கோப்புறையைச் சொன்னான், ஷஃபானில் துடைத்ததையும் சொன்னான். பாடம் நடத்துவதுபோல் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே போனான். நிறுத்தினால் அண்ணன் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கும்.

"எனக்கு இதெல்லாம் புரியாது," என்றார் நூரி. "இருக்கா, இல்லையா?"

"இல்ல."

"மீட்டெடுக்குற ஆளுங்க இருப்பாங்களே. மார்சேய்ல கடையே இருக்கு. எவ்வளவு ஆனாலும் சரி."

"நான் மேல குப்பைய எழுதின பிறகு எவனாலயும் எடுக்க முடியாது, அண்ணே. அதுக்குத்தான் அந்த ஏழு மணி நேரம்."

"பேசினது போன்லதானே?"

"என் போன்லதான். அன்னைக்கே இங்க மாத்திட்டு அழிச்சிட்டேன்."

"ஏன் அழிச்சே? ஒரு தட்டு தட்டி எனக்கு அனுப்பிட்டு அழிச்சிருக்கலாமே. அரை நிமிஷ வேலை."

"ஊரான் கம்பெனி கம்ப்யூட்டர் வழியா அப்பா குரல அனுப்ப மனசு வரல..." என்று தொடங்கினான் லஸ்அத். அது அவன் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம். வகுப்பில் சொல்வது, நண்பர்களிடம் வாதாடுவது. பாதியிலேயே அவன் நாக்கு கூசிற்று. "இல்ல. அது காரணமில்ல. உனக்குக் குடுக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

நூரி ஓரடி பின்வாங்கினார்.

"ரெண்டு வருஷம் அவர் கட்டிலுக்குப் பக்கத்துல நான் படுத்தேன். அவருக்கு மூச்சு முட்டினா நான்தான் எழுந்து உக்கார வெப்பேன். என்கிட்ட 'தண்ணி குடு', 'ஜன்னலச் சாத்து', இவ்வளவுதான் பேசுவாரு. கடைசி வாரம், நூரிகிட்ட பேசணும், இத எப்படி அமுக்குறதுன்னு காட்டிட்டு நீ வெளிய போன்னாரு. வெளிய போன்னு சொன்னாருண்ணே. இருபத்திரண்டு நிமிஷம் அந்தக் கதவுக்கு வெளிய நின்னேன். அப்புறம் கூப்பிட்டு, இது அமானிதம், அவன்கிட்ட சேத்துடுன்னாரு. அடக்கம் முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு நீ வந்த. வந்து, யாரக் கேட்டு அவசரமா அடக்கம் பண்ணீங்கன்னு சத்தம் போட்ட. சரி, கெடக்கட்டும், இவனா வந்து நல்லபடியா பேசுற அன்னைக்குக் குடுக்கலாம்னு வெச்சுட்டேன்."

"நான் பேசினேனே. போன பெருநாளைக்குப் போன் பண்ணினேனே."

"பண்ணின."

அந்தத் தொலைபேசி அழைப்பில் இருவரும் ஆலிவ் விளைச்சலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்திருந்தார்கள். அப்போது கோப்பு இருந்தது.

"சரி, என்ன சொன்னாரு?" என்றார் நூரி. "அத நீ சொல்லு. கேட்டிருப்பியே."

"கேக்கல."

"பொய் சொல்லாத. மூணு வருஷம் வெச்சிருந்து கேக்காம இருந்திருப்பியா?"

"அடுத்தவங்க அமானிதத்தத் திறந்து கேக்கலாமா? கேக்கல, அண்ணே. சத்தியமா."

சொல்லும்போதே அதன் கொடுமை அவனுக்கு விளங்கிற்று. உரியவரிடம் சேர்க்காமல் மூன்றாண்டு பதுக்கி வைத்தவன், ஒட்டுக்கேட்பது மட்டும் பாவம் என்று விலகியிருந்தான். அந்த ஒரு நேர்மையைத் தனக்குள் மெச்சிக்கொண்டும் இருந்தான். அவன் இன்னும் சற்றுக் கெட்டவனாக இருந்திருந்தால், ஒரே ஒருமுறை கேட்டிருந்தால், இன்று அப்பாவின் சொற்களில் பாதியாவது உலகத்தில் இருந்திருக்கும்.

நூரியின் விழிகள் அவன் முகத்தைவிட்டு நகரவில்லை. அவர் எதை எதிர்பார்க்கிறார் என்பது லஸ்அத்துக்குத் தெரிந்தது. நூரி வீட்டைவிட்டுப் பிரிந்து சென்ற நாளில், நான் செத்தால் என் ஜனாஸாவைத் தூக்க நீ வரவேண்டாம் என்று அப்பா வாசலில் நின்று கத்தியது தெரு முழுவதும் கேட்டது. அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டாரா என்பது ஒன்றே கேள்வி. 'மன்னிச்சுட்டேன்னு சொன்னாரு' என்று இரண்டு சொற்கள் சொன்னால் போதும். நூரி நம்புவார், நம்ப விரும்புகிறார். லஸ்அத்தின் வாய்வரை வந்தது. ஆனால் ஒருமுறை அப்பாவின் பேச்சை அழித்தாயிற்று. அந்த வெற்றிடத்தில் தன் பேச்சை எழுதி நிரப்ப அவனுக்குத் துணிவு வரவில்லை.

"கதவு வழியா வார்த்தை எதுவும் புரியல," என்றான். "ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. நடுவுல ஒருதடவ சிரிச்சாரு."

"சிரிச்சாரா? இருமலா இருக்கும்."

"அவர் இருமல் எனக்குத் தெரியாதா? சிரிப்புதான்."

நூரி கட்டிலில் போய் அமர்ந்தார். தலையைக் குனிந்து உள்ளங்கைகளைப் பார்த்தார். பின்னர், தலையை உயர்த்தாமலே சொன்னார்:

"காலைல வரைக்கும் இப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது. எங்கிட்ட நீ சொல்லாமலே இருந்திருக்கலாம், லஸ்அத்."

"ஆமா, அண்ணே."

"சொல்றதா இருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"ஆமா."

வெளியே ஜலீலா யாரோ விருந்தினரை வரவேற்கும் ஓசை கேட்டது. நூரி எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். கதவைத் திறக்கப்போனவர் நின்றார்.

"ஆரம்பத்துலயா சிரிச்சாரு? இல்ல, முடிக்கிறப்பவா?"

லஸ்அத் நினைவுபடுத்திப் பார்த்தான். "தெரியலண்ணே."

"நாளைக்குக் காலைல நான் கிளம்பணும். அதுக்குள்ள ஞாபகம் வந்தா சொல்லு."

அவர் போய்விட்டார். லஸ்அத் கண்களை மூடிக்கொண்டு, மூன்றாண்டுகளுக்கு முந்திய அந்தக் கதவுக்கு வெளியே மறுபடியும் போய் நின்றான். அன்று சினத்தோடு நின்றதால் எதனையும் கவனிக்கவில்லை. இன்று எவ்வளவு கவனித்தும், உள்ளிருந்து ஒரே ஒரு சிரிப்புதான் கேட்டது. அதற்கு முன்னாலும் பின்னாலும் எவ்வளவு நேரம் கழிந்தது என்று அவனால் கூற இயலவில்லை.